சோறும் உமியும் போதாது
வீட்டு உயிர்கள் – 9

ஆரணிக்குப் பட்டும் அரிசியும்தான் பிழைப்பு. இரண்டுக்கும் எலி பகை. தறியில் ஏற்றிய பாவை ராத்திரியில் எலி கடித்துவிட்டால், அறுந்த இழைகளைத் தேடித்தேடி முடிவதிலேயே நெசவாளியின் கூலி கரைந்துவிடும். தறி வீட்டில் பூனைக்கு இருக்கும் மரியாதை இதனால் வந்ததுதான். அந்தப் பூனைக்குப் பத்து வயது தாண்டி, எலியைக் கண்டும் எழுந்திருக்காமல் குழித்தறிப் பள்ளத்தில் சுருண்டு கிடக்கும்போது அதற்கு எதைக் கொடுப்பது, எங்கே ஒதுங்க வைப்பது? போன வாரம் குட்டிகளைப் பார்த்தோம். இந்த வாரம் இந்தக் கிழடுகள்.

அரிசி ஊரில் பூனைக்கும் சோறுதான் வைக்கிறோம். பால் சோறு, தயிர் சோறு, மிஞ்சினால் மீன் குழம்பு ஊற்றிய சோறு. இளமையில் எலியும் பல்லியும் தின்று குறையை அதுவே ஈடுகட்டிக்கொண்டது. வேட்டை நின்ற பிறகு தட்டில் இருப்பது மட்டும்தான் அதன் உணவு. பூனை கட்டாயம் ஊன் தின்றாக வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவுக்கு அதன் உடம்பால் தயாரிக்க முடியாது. அரிசியிலும் அது கிடையாது. அது குறைந்தால் கண்பார்வை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸில் பால் பியான் குழுவினர் காட்டிய பிறகுதான் உலகெங்கும் பூனைத் தீவனங்களில் டாரின் அளவைக் கூட்டினார்கள். பாலும் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்காகும்.

‘வயசாயிடுச்சு, கறியைக் குறைப்போம்’ என்பது நல்ல எண்ணம்தான், ஆனால் தவறு. கிழப் பூனைக்குச் செரிமானம் குறைந்து சதை வற்றும்; அதற்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும். சிறுநீரக நோய் என்று பரிசோதனையில் தெரிந்தால் மட்டும், பாஸ்பரஸ் குறைந்த உணவை மருத்துவர் சொல்வார். அந்த நோய் மூத்த பூனைகளை அதிகம் பிடிப்பது. சிறுநீரக வேலையில் முக்கால் பங்கு போகும்வரை ரத்தத்தில் கிரியாட்டினின்கூடப் பெரும்பாலும் ஏறாது. எனவே தண்ணீர் முக்கியம். பாலைவனப் பூனையின் வழிவந்ததால் இதற்குத் தாகம் எளிதில் எடுக்காது. உலர் தீவனத்தில் ஈரம் பத்து சதவீதம் அளவுதான். ஈர உணவில் எழுபத்தைந்துக்கு மேல். வயதான பூனைக்கென்று விற்கும் ஈர உணவு பாதி, வீட்டில் வேகவைத்த கோழி பாதி என்று கொடுத்தால் செலவும் கட்டுப்படும். கோழிக்கடையில் இதயத்தைக் கேட்டு வாங்குங்கள். டாரின் அதில் நிறைய. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் ஊற்றுங்கள், சத்து அதில்தான் இறங்கியிருக்கும். ஈரல் கொஞ்சமாக, எப்போதாவது. மத்தி போன்ற மீனைப் பச்சையாகக் கொடுத்தால் வைட்டமின் பி1 அழியும், கருவாட்டில் உப்பு. மோப்பம் மங்கியிருக்கும் என்பதால் வெதுவெதுப்பாக, சிறிது சிறிதாக நாலு வேளை வையுங்கள். புது உணவுக்கு ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு மெல்ல மாற்றுங்கள்.

தறி வீட்டுக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. பாவு பிணைக்கும்போதும் தார் சுற்றும்போதும் விழும் பட்டு நூலையும் ஜரிகையையும் பூனை விழுங்கும். ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போய்க் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். பூனை திடீரென்று சாப்பிடாவிட்டால் ‘வயசு’ என்று விடாமல் வாயைத் திறந்து பாருங்கள். நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அடுத்தது ஒதுங்குமிடம். ஆலைகளில் உமி மலையாகக் கிடக்கிறது என்பதால் அதையே தொட்டியில் கொட்டத் தோன்றும். உமி ஈரத்தை உறிஞ்சாது, பாதத்தைக் குத்தும். கரியுமி இன்னும் மோசம்; அந்தத் தூசு கிழப் பூனையின் நுரையீரலுக்கு ஆகாது. அமெரிக்காவில் 1947-இல் எட்வர்ட் லோ களிமண் துகளைப் பைகளில் விற்கத் தொடங்கும்வரை அங்கேயும் மணலும் சாம்பலும்தான். இப்போது ‘கேட் லிட்டர்’ என்று கடையில் கிடைக்கும் பென்டோனைட் மண் நனைந்ததும் கட்டியாகும். வாசனை சேர்க்காத, மெல்லிய துகள் வாங்குங்கள். கட்டுப்படியாகாதவர்களுக்குச் சலித்துக் காயவைத்த ஆற்றுமணல் போதும்.

மண்ணைவிட முக்கியம் தொட்டியின் உயரம். பன்னிரண்டு வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. உயர விளிம்பைத் தாண்டினால் வலிக்கும். ஒரு பக்கம் மூன்று விரல் உயரமே உள்ள அகலத் தட்டாக, அது படுக்கும் தளத்திலேயே, படியேற வேண்டாதபடி வையுங்கள். தினமும் அள்ளுங்கள். அள்ளும்போது பாருங்கள்: மண் கட்டிகள் நாளுக்கு நாள் பெரிதானால், மணலில் ஈரம் பரவிக்கொண்டே போனால், சிறுநீரகமோ சர்க்கரையோ என்று சோதிக்க வேண்டும். மூட்டுவலிக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது உயிர் போக்கும் விஷம்.

நெசவாளர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தறிக்குழியில் பூனை சிறுநீர் கழித்துவிட்டால் அடிக்காதீர்கள், கொண்டுபோய் வேறு தெருவில் விட்டுவிடாதீர்கள். முதலில் தட்டைத் தாழ்வாக மாற்றுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவமனையில் காட்டி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

(தொடரும்)