பொம்மைகளின் காலம் – 14
காடியில் ஓடிய கார்கள்

சென்ற வாரம் சாவி கொடுத்தால் ஓடும் தகர பொம்மைகளைப் பார்த்தோம். அந்தத் தகரத்துக்கு மின்சாரம் ஊட்டியவர் கதை இது.

ஃப்ரெட் பிரான்சிஸ் இங்கிலாந்தில் மினிமாடல்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்தார். 1952இல் அவர் கொண்டுவந்த ஸ்கேலெக்ஸ் கார்களுக்குச் சாவி கிடையாது. அடியில் மறைந்திருக்கும் ஐந்தாவது சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பின்னால் இழுத்துவிட்டால் பாயும். பாய்ந்து எங்கே போகும்? சுவரில் முட்டும். சில வருடங்களில் பிள்ளைகளுக்கு அலுத்துப்போய், விற்பனையும் இறங்கியது.

பிரான்சிஸ் காருக்குள் சின்ன மோட்டாரை வைத்தார். ரப்பர் தடத்தில் காடி வெட்டி, காடியின் இரு ஓரத்திலும் உலோகப் பட்டை பதித்தார். பட்டையைத் தொட்டபடி ஓடும் கார், அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 1957 ஜனவரியில் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரோடு அது அரங்கேறியது. குவிந்த ஆர்டரைச் சமாளிக்க முடியாமல் அடுத்த வருடமே கம்பெனியை லைன்ஸ் பிரதர்ஸிடம் விற்றுவிட்டார்.

அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவுள்ள கார். ஸ்டியரிங் இல்லை. ஓட்டுபவர் கையில் ஒரு கன்ட்ரோலர், அவ்வளவுதான். முதலில் வந்தது வெறும் பொத்தான். அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். பிறகு வந்ததில் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். நேர்த்தடத்தில் யார் வேண்டுமானாலும் பறக்கலாம். வளைவுக்கு முன்னால் கட்டைவிரலை எப்போது தளர்த்துவது என்பதில்தான் வித்தை. ஒரு கணம் தாமதித்தால் கார் காடியை விட்டுத் தெறித்து சோபாவுக்கு அடியில் போய்விடும். வளைவில் உள்தடம் குட்டை, வெளித்தடம் நெட்டை என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும். தடத்தை 8 போல் போட்டால் இரண்டும் சமமாகிவிடும். கிறிஸ்துமஸுக்கு மகனுக்கென்று வாங்கிய செட்டை அப்பா விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது அந்தத் தலைமுறை ஆங்கிலேயர்கள் அலுக்காமல் சொல்லும் கதை. சூடேறிய மோட்டாரும் எண்ணெயும் கலந்த வாசனையையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் இதே பித்து 1960களின் நடுவில் உச்சத்துக்குப் போனது. அரோரா நிறுவனத்தின் குட்டிக் கார்கள் வீடுகளை நிறைத்தன. காசு கொடுத்து ஓட்ட, பெரிய பெரிய தடங்களோடு தனிக்கூடங்களும் ஊர் ஊராக முளைத்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மூடப்பட்டன. கார்களின் வேகம் ஏற ஏற, புதிதாக வரும் பையனால் ஈடுகொடுக்க முடியாமல் போனது ஒரு காரணம்.

பின்னாளில் காரின் அடியில் காந்தம் வைத்தார்கள். வளைவிலும் கார் தடத்தைக் கவ்விக்கொண்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தெறித்து விழாத காரில் என்ன சுவாரசியம்? பழைய ஆட்கள் பலர் காந்தத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள்.

சேகரிப்பாளர்களின் கணக்கு வேறு. 1960களில் குறைவாகவே வந்த புகாட்டி கார் இன்று ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகிறது. ஜேம்ஸ்பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினிலிருந்து எகிறி விழும் குட்டி ஆள் தொலையாமல் இருந்தால் அதற்குத் தனி மவுசு. அட்டைப்பெட்டி கசங்காமல், டயர் தேயாமல் இருக்க வேண்டும். அதாவது, விளையாடவே விளையாடாத பையனின் கார்தான் விலை போகிறது. ஆசை தீர ஓட்டியவனுடையது உதிரிபாகக் கூடைக்குப் போகிறது. ஏக்கத்துக்கு விலை வைக்கும் சந்தை இப்படித் தலைகீழாகத்தான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிராக, 2009இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜேம்ஸ் மே ஒரு காரியம் செய்தார். 1907இல் திறக்கப்பட்ட ப்ரூக்லாண்ட்ஸ் பந்தயப் பாதை இருந்த வழியிலேயே, இடையில் வந்துவிட்ட கட்டடங்களையும் சாலைகளையும் தாண்டி, நாலரை கிலோமீட்டருக்கும் மேல் பொம்மைத் தடம் போட்டு ஓட்டிக்காட்டினார். தடத்தை அடுக்கியவர்கள் தன்னார்வலர்கள். என் ஓட்டு அவருக்குத்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் வெளிநாட்டு உறவினர் தந்த செட் ஏதாவது கிடந்தால் ஓட்டிப் பாருங்கள். பழைய டிரான்ஸ்பார்மரை மட்டும் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். வயர் உறை நொறுங்கியிருக்கும். எலக்ட்ரீஷியனிடம் காட்டிப் பொருத்தமான புதியது வாங்குங்கள். தடத்தின் பட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் துணியால் துடையுங்கள்.

அடுத்த வாரம்: மெக்கானோ.