உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்துக்கு வந்த ஆறு அசைச் சொல்

கேகாலை, இரத்தினபுரி தோட்டங்களின் பழைய கதையைப் பேசினால் ‘நஷனலைஸேஷன்’ வராமல் போகாது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தேயிலை, இறப்பர் காணிகளுக்கு ஆளுக்கு 50 ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசின் கைக்குப் போயின. அதற்கு ஆங்கிலம் வைத்த பெயரில் ஆறு அசைகள்: ந-ஷ-ன-லை-ஸே-ஷன்.

சொல் பிறந்த வழி எளிது. ‘நேஷன்’ என்ற பெயரிலிருந்து ‘நஷனல்’, அதிலிருந்து ‘நஷனலைஸ்’ என்ற வினை, கடைசியில் ‘ஏஷன்’ ஒட்டி மறுபடியும் பெயர். முதல் மூன்றிலும் அழுத்தம் முதல் அசையில்தான். ‘ஏஷன்’ சேர்ந்ததும் அது ‘ஸே’க்குத் தாவிவிடும். அந்த விகுதிக்கு அப்படியொரு அதிகாரம்! தமிழில் சொல்லுக்குச் சொல் அழுத்தம் இப்படி இடம் மாறுவதில்லை. அதனால்தான் நம் பிள்ளைகள் ஆறு அசையையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுகிறார்கள். நல்ல ஆங்கில அகராதியின் உச்சரிப்புக் குறிப்பில், அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லிப் பழகட்டும்.

1992இல் நிர்வாகம் திரும்பவும் கம்பெனிகளிடம் போனபோது வந்த சொல் ‘பிரைவடைஸேஷன்’. அசை ஐந்துதான், அழுத்தம் அதே ‘ஸே’யில்.