நட் ஏன் கழலுகிறது?

ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த நாளிலிருந்து "நல்லா டைட் வைடா" என்று கேட்டு வருகிறோம். எவ்வளவு டைட் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

என் அப்பா லாரியில் கிளீனராக இருந்தவர். வீல் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, ஏறி நின்று மிதிப்பார். ஒருமுறை மரை சுலபமாக ஏறட்டும் என்று ஸ்டட்டில் கிரீஸ் தடவிவிட்டு, வழக்கமான மிதியையே மிதித்தார். ஸ்டட் பட்டென்று அறுந்தது. டிரைவரிடம் நல்ல திட்டு. "அது மட்டமான இரும்புடா" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். இரும்பின் மேல் தப்பில்லை என்பது மெஷின் டிசைன் பாடம் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

போல்ட் என்பது ஒரு ஸ்பிரிங். நட்டைத் திருகும்போது கண்ணுக்குத் தெரியாமல் அது நீளுகிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப அது இழுக்கிற இழுப்புதான் பாகங்களைக் கவ்விப் பிடிக்கிறது. நாம் போடும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுப்பாகிறது. மீதியெல்லாம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வுக்கே போய்விடும்.

முறுக்கு = உராய்வு எண் × விட்டம் × இழுப்பு. 8.8 கிரேடு, 12 மி.மீ. போல்ட்டுக்கு 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுப்போம். காய்ந்த மரைக்கு உராய்வு எண் சுமார் 0.2, இழுப்பு 33 கிலோ நியூட்டன், அதாவது மூன்று டன்னுக்கும் மேல். கிரீஸ் தடவினால் எண் 0.13 வரை இறங்கும். அதே முறுக்கில் இழுப்பு 51 ஆகிவிடும். அந்த போல்ட்டின் சோதனைச் சுமையோ 49தான்! அப்பாவின் ஸ்டட் இதைவிடப் பெரியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, டைட்டான நட் ஏன் கழலுகிறது? 1969-ல் ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் இதை விளக்கினார். பாகங்கள் குறுக்கே ஆடி வழுக்கும்போது மரையின் பிடி விட்டுப்போய் நட் தானாகவே திரும்புகிறது. நாம் நம்பிப் போடும் ஸ்பிரிங் வாஷர் முழு டைட்டில் தட்டையாகி, சாதா வாஷர் மாதிரி ஆகிவிடும். நைலாக் நட்டில் உள்ள நைலான் வளையம் மரையை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் சைலென்சர் பக்கத்துச் சூட்டில் இளகிவிடும். கழற்றிக் கழற்றி மாட்டினாலும் பிடி குறையும். இரண்டு நட் போடும்போது மெல்லிய நட்தான் முதலில், அடியில் வர வேண்டும். பல இடங்களில் தலைகீழாகத்தான் இருக்கிறது!

வீல் நட்டுக்கு பைப் வேண்டாம். வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி ஒருதரம் பார்க்க வேண்டும்.