பிட்சர்கள் படுத்துவிட்டால்...

மைதானத்துக்குச் சென்று பேஸ்பால் ஆட்டத்தைக் கண்டு களிக்கும் அமெரிக்க ரசிகர்கள் ஒரு பெருங்கூட்டமென்றால், மட்டையையோ பந்தையோ கையால் தொடாமல், வீட்டு மேஜையின் முன் அமர்ந்து, ஒரு குழுவின் நிர்வாகப் பொறுப்பு முழுவதையும் பாவனையாக ஏற்று நடத்துவதில் இன்பங் காணும் ரசிகர்கள் அதற்கு அடுத்ததொரு தனிக் கூட்டம். ஹால் ரிச்மன் என்பவர் 1961-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்னும் ஆட்டத்தில், ஒவ்வொரு வீரனின் திறமையும் ஓர் அட்டையில் எண்களாக அடங்கிக் கிடக்க, உருளும் பகடையே விதியாக நின்று பலனை நிர்ணயித்தது. பிற்காலத்தில் ஜெர்மானியரான மார்க்கஸ் ஹைன்சோன் உருவாக்கிய ‘அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்’ என்னும் கணினி விளையாட்டில் அந்த விதியின் ஸ்தானத்தைக் கணினியே எடுத்துக்கொண்டது. இத்தகைய ஆட்டங்களில் மனிதர் எவ்வளவு தூரம் லயித்துப்போகக்கூடும் என்பதை ராபர்ட் கூவர் 1968-இலேயே ஒரு நாவலாக எழுதிவிட்டார். தன் ஆட்டத்தில் பந்தெறியும் அருமைப் பிட்சர் பகடையின் ஓர் உருளலால் மாண்டுபோக, அந்தத் துக்கத்தில் தன் சொந்த வாழ்வே நிலைகுலையப்பெறும் கணக்கர் ஒருவர்தாம் அதன் கதாநாயகர்.

பிட்சரின்மீது ஏன் இத்தனை மோகம் என்று கிரிக்கெட் அறிந்த நம் வாசகர் வியக்கலாம். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவதால் பந்து வீசுவோரின் சிரமம் பங்கிடப்படுகிறது. பேஸ்பாலிலோ ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், முழங்கையை மடக்கிச் சாட்டைபோல் சொடுக்கி, ஏறக்குறைய நூறு பந்துகளைத் தாம் ஒருவராகவே எறிய வேண்டியிருப்பதால், அதன் பின் நான்கைந்து நாள் ஓய்வின்றி அவர் கரம் மறுபடி பயன்படாது. ஆகையினால் ஐவர் முறைவைத்து ஆட்டந் தொடங்குவதும், அவர்கள் களைத்தபின் ரிலீவர்கள் எனப்படும் துணைப் பிட்சர்கள் வந்து முடிப்பதும் வழக்கமாயிற்று. 162 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவம் முழுவதையும் இந்த ஐந்து கரங்கள் பழுதின்றித் தாங்குவது அபூர்வம். முழங்கைத் தசைநார் அறுந்தால் பிட்சரின் தொழிலே முடிந்தது என்றிருந்த காலத்தில், 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற வீரரின் மற்றொரு கையிலிருந்து தசைநாண் எடுத்து அறுந்த இடத்தில் வைத்துத் தைத்தார். 1976-இல் களத்துக்குத் திரும்பிய அவர், தம் வாழ்நாளில் பெற்ற 288 வெற்றிகளில் 164-ஐ அந்தச் சிகிச்சைக்குப் பின்னரே பெற்றார் என்பது வைத்திய சரித்திரத்திலேயே ஓர் அற்புதம். ஆயினும் அந்தச் சிகிச்சைக்கு உள்ளானவர் ஓராண்டுக்கும் மேலாகக் களமிறங்க இயலாது. கணினி ஆட்டமும் இந்தக் கணக்கில் தயவு காட்டுவதில்லை.

மே மாதத்து ஆட்டமொன்றில் மூன்றாம் இன்னிங்ஸில் தலைமைப் பிட்சர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார் என்று திரையில் ஒரு வரி தோன்றுகிறது. தசைநார் அறுந்தது, இந்தப் பருவம் போயிற்று என்பது அடுத்த செய்தி. அதைக் கிரகித்துக்கொள்ளுமுன் இரண்டாமவருக்குத் தோள்பட்டையில் வீக்கம், மூன்றாமவருக்கு முதுகுப்பிடிப்பு என்று வரிசையாக வந்துவிட்டால், மிஞ்சியிருக்கும் இருவரை ஓய்வு குறைத்து எறியவிடலாமா, மிகச் சிறந்த ரிலீவரை முன்னே கொண்டுவந்து ஆட்டத்தைத் தொடங்கச் செய்யலாமா என்றுதான் நிர்வாகியின் புத்தி ஓடும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதற்கு இதனினும் தக்க திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. ஒவ்வொரு கரத்தின் களைப்பையும் கணினி ரகசியமாகக் கணக்கிட்டுக்கொண்டே வருகிறது. களைத்த கரமோ எளிதில் காயமுறுகிறது. முதற் காயம் விதியின் செயலாயிருக்க, அதன் பின் தொடரும் காயங்களிற் பல நிர்வாகியின் கைங்கரியமே. கடனை அடைக்க வட்டிக்கு வாங்கியவன் கதைதான்.

கீழ்நிலைக் குழுவில் முப்பத்திரண்டு வயதைக் கடந்து, வேகமும் குன்றி, எவராலும் பொருட்படுத்தப்படாமல் இருக்கும் ஒரு பிட்சரை இத்தகைய சந்தர்ப்பத்தில் மேலே அழைப்பதே விவேகம் என்பது என் துணிபு. அவர் நான்கைந்து ஓட்டங்களை விட்டுக்கொடுப்பார், ஆட்டமும் பெரும்பாலும் தோற்கும். எனினும் ஆறு இன்னிங்ஸைத் தாங்கி, ஏழு ரிலீவர்களின் கரங்களுக்கு ஓரிரவு ஓய்வளிப்பார். தோல்வியைத் தெரிந்தே வாங்குகிற இந்தத் துணிவுதான் புதிதாக ஆடுவோருக்கு எளிதில் வருவதில்லை.

இதனோடு பட்டியற் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. களமிறங்கத்தக்க 26 பேரில் பிட்சர்கள் 13-க்கு மேற்படலாகாது. அவர்களையும் உள்ளடக்கியது 40 பேர் கொண்ட பெரும்பட்டியல். காயமுற்ற பிட்சரை 15 நாள் பட்டியலில் வைத்தால் 26-இல் இடம் பிறக்குமேயன்றி 40-இல் பிறக்காது. 60 நாள் பட்டியலுக்கு மாற்றினால்தான் அங்கும் இடம் காலியாகும். முதுகுப்பிடிப்புக்காரரை அவசரப்பட்டு அதில் தள்ளிவிட்டு, மூன்றே வாரத்தில் அவர் குணமடைந்தும் இரண்டு மாதம் விழித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வேறு குழுக்களிடம் ஆள் கேட்கலாமென்றால், நம் தவிப்பை மோப்பம் பிடித்ததுபோல், வளர்ந்துவரும் பத்தொன்பது வயதுப் பையனையே அவை விலையாகக் கேட்கும்.

இவை வெறும் கணினி மாயையல்ல. 2024-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் குழு, தொடக்கப் பிட்சர்கள் பலரைக் காயத்துக்குப் பறிகொடுத்த நிலையில், அக்டோபர் 9-ஆம் தேதி சான் டியேகோவுக்கு எதிரே எட்டுப் பிட்சர்களை ஒருவர்பின் ஒருவராக அனுப்பி, எதிரிக்கு ஓர் ஓட்டமும் விடாமல் 8-0 என வென்றது; அவ்வாண்டின் உலகத் தொடரும் அதற்கே கிட்டியது. ஆனால் ஆட்டங்களுக்கு இடையே ஓய்வுநாட்கள் வரும் அக்டோபரில் செல்லும் இந்த யுக்தியை, நாள்தோறும் ஆட்டம் நடக்கும் ஜூன் மாதத்தில் கணினியில் பிரயோகித்துப் பார்ப்பவர், ஒரு வாரத்துக்குள் எறிவதற்கு ஆளின்றி நிற்பார்.

காயங்கள் எத்தனை அடிக்கடி நேரலாம் என்பதைக் குறைத்துவைக்கும் வசதியும் ஆட்டத்திலேயே உண்டு. அதைத் தொடுவது பாவமென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் குறைத்து ஆடினால் அந்த முப்பத்திரண்டு வயதுக்காரருக்குக் குழுவில் வேலையே இராது.

குணமடைந்து திரும்புபவரை உடனே பழைய ஸ்தானத்தில் அமர்த்தாமல், கீழ்நிலை ஆட்டங்களில் சில வாரம் எறியவிட்டு, பின்பு மேலே கொணர்ந்து, முதல் சில ஆட்டங்களுக்கு அறுபது பந்து என்று வரம்பு கட்டிவிட வேண்டும். அறுபதாவது பந்தின்போது அவர் பிரமாதமாக எறிந்து குழுவும் முன்னணியில் நின்றால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அப்போதும் அழைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.