“ஒண்ணுமில்ல” என்று சொல்லி அனுப்பாதீர்கள்

சைதாப்பேட்டையில் ரயில் கிளம்பியபோது நன்றாகத்தான் இருந்தேன். அடையாற்றுப் பாலத்தின் மேல் வண்டி ஏறிய நேரம், காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. உள்ளங்கை வியர்த்தது, விரல் நுனிகள் மரத்தன, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. பக்கத்தில் நின்றவர்களின் பேச்சு எங்கோ தூரத்தில் கேட்டது. உயிர் போகப்போகிறது, வீட்டில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்ற நினைப்பைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. கிண்டியில் இறங்கி நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அன்று மாலை ஒரு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். “ஒண்ணுமில்ல, எல்லாம் நார்மல். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. பீதித் தாக்குதல், மருத்துவர்கள் பேனிக் அட்டாக் என்பார்கள். அந்தப் பெயரை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால், அடுத்த எட்டு மாதம் நான் ரயில் ஏறாமல் இருந்திருக்க மாட்டேன்.

உடம்பில் நடப்பது

நம் வீடுகளில் இதைப் பெரும்பாலும் ‘கேஸ்’ என்பார்கள். ஓமத் தண்ணீர் வரும், சோடா வரும். வெளியே போய்வந்த நேரமாக இருந்தால் ‘காத்து கருப்பு’ என்று வேப்பிலை அடிப்பதும் உண்டு. எல்லாம் அக்கறையில் செய்வதுதான். மருத்துவ உலகமே இதைத் தாமதமாகத்தான் பிரித்துப் பார்த்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் பீதி நோய்க்குத் தனி இடம் கிடைத்தது 1980இல்தான்.

மூளையின் உள்ளே அமிக்டலா என்று பாதாம் பருப்பு வடிவில் ஒரு சிறு பகுதி உண்டு. ஆபத்து என்று பட்டதும், யோசித்து முடிவெடுக்கும் மூளையைக் கேட்காமலே அது அபாய மணியை அடித்துவிடும். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் உடனே அட்ரீனலினைக் கொட்டும். இதயம் வேகமெடுக்கும். ரத்தம் தொடைக்கும் கைக்கும் பாயும். செரிமான வேலை நின்றுபோவதால் வயிற்றைக் கலக்கும். போராடு அல்லது ஓடு என்கிற இந்த ஏற்பாட்டை 1915இல் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் விளக்கினார். வரப்பில் பாம்பைக் கண்டவன் ஒரே எட்டில் பின்னால் குதிப்பது இதனால்தான். பீதித் தாக்குதலில் பாம்பு இல்லை, மணி மட்டும் அடிக்கிறது.

மூச்சு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அதிகம் பயமுறுத்துவது அதுதான். மூச்சு போதவில்லை என்று தோன்றும் நேரத்தில் நாம் உண்மையில் தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதில்லை. கரியமில வாயுதான் அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும், விரல்களும் உதடும் மரக்கும். மயங்கி விழுந்துவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறோம். மயக்கம் வர ரத்த அழுத்தம் விழ வேண்டும். பீதியில் அது ஏறத்தான் செய்கிறது. அதனால் இதில் மயங்கி விழுவது அரிது.

பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சம் வந்துவிடும். அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். அட்ரீனலின் ரத்தத்தில் நெடுநேரம் நிற்கும் பொருள் அல்ல.

பயத்தைப் பார்த்துப் பயப்படுவது

அப்படியானால் அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் சொன்ன விளக்கம் எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது. மாடிப்படி ஏறியதில் நெஞ்சு சற்று வேகமாக அடிக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை பயந்தவர் அதை மாரடைப்பின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார். அந்த எண்ணம் இன்னும் அட்ரீனலினைக் கொண்டுவருகிறது. நெஞ்சு இன்னும் அடிக்கிறது. தன் சந்தேகம் சரிதான் என்று அவர் முடிவு செய்கிறார். செக்குமாடுபோல் இதே வட்டம்.

ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் இதைத் தன் உடம்பிலேயே கண்டவர். இளம் வயதில் அவருக்குக் காசநோய் என்று தவறாகக் கணித்துவிட்டார்கள். அந்தக் கலக்கத்தில் தொடங்கிய படபடப்பு மாதக்கணக்கில் விடவில்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர், போர்க்களத்தில் சிப்பாய்களுக்கும் இப்படித்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது, நீ அதைக் கண்டு பயப்படுவதால்தான் அது நிற்காமல் அடிக்கிறது என்று புரியவைத்தார். 1962இல் வீக்ஸ் எழுதிய நூலின் அடிப்படையே அதுதான்: எதிர்கொள், வரட்டும் என்று விடு, மல்லுக்கட்டாமல் மித, நேரம் கடக்கட்டும்.

வந்துவிட்டால்

இருக்கிற இடத்திலேயே இருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஓரம் கட்டி நிறுத்துங்கள். “இது பேனிக். முன்னாலும் வந்தது, போனது” என்று வாய்விட்டோ மனதுக்குள்ளோ சொல்லுங்கள். மூச்சை இழுப்பதில் கவனம் வைக்க வேண்டாம், விடுவதில் வையுங்கள். மூக்கு வழியாக மெதுவாக, நாலு எண்ணும் வரை உள்ளே. உதட்டைக் குவித்து, சூடான பாலை ஊதுவதுபோல் ஆறு எண்ணும் வரை வெளியே. மார்பு விம்மாமல் வயிறு எழுந்து தாழட்டும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வழக்கம் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் அது ஆபத்து.

பக்கத்தில் இருப்பவர்கள் கூட்டம் சேர்க்காமல், கேள்வி மேல் கேள்வி கேட்காமல், “நான் இங்கயே இருக்கேன், கொஞ்ச நேரத்துல இறங்கிடும்” என்று சொல்லிவிட்டு அமைதியாக இருந்தால் போதும்.

மறுபடியும் மாம்பலத்திலிருந்து

இந்த நோயின் உண்மையான கேடு அந்தப் பத்து நிமிடங்களில் இல்லை. நாம் விட்டுவிடுகிற இடங்களில் இருக்கிறது. நான் முதலில் ரயிலை விட்டேன். பிறகு கூட்டமான பேருந்தை விட்டேன். பிறகு கல்யாண மண்டபங்களில் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியைத் தேடினேன். பையில் எப்போதும் தண்ணீர் பாட்டிலும், எனக்கு யாரும் எழுதிக்கொடுக்காத இதய மாத்திரையும் இருந்தன. தப்பித்து வந்த ஒவ்வொரு முறையும் நிம்மதி கிடைத்தது. தப்பித்ததால்தான் பிழைத்தேன் என்று மூளை படித்துக்கொண்டது.

அதை அழித்து எழுத ஒரு மனநல ஆலோசகர் உதவினார். முதல் வாரம் மாம்பலத்திலிருந்து சைதாப்பேட்டை, ஒரே நிறுத்தம், ஒரு நண்பரோடு. நாலு நாள் போய்வந்ததும் அது சலித்துப்போனது. அந்தச் சலிப்புதான் வேண்டியது என்றார் அவர். அடுத்தது பாலம். அவர் சொல்லியிருந்த ஒரே விதி, பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கக் கூடாது என்பது. பாலத்தின் மேல் நெஞ்சு அடித்தது. கிண்டி வந்தது, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இறங்கவில்லை. பரங்கிமலை தாண்டியது. மீனம்பாக்கத்தில் கை நடுக்கம் நின்றிருந்தது. பல்லாவரம் வரை போய்த் திரும்பினேன். பிறகு தனியாக. கடைசியில் அந்த மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு.

எல்லோருக்கும் இந்த வேகத்தில் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படி சிறியதாக இருந்தால் ஏறிவிடலாம்.

நாள் முழுக்க இருக்கும் லேசான பதற்றம்

தாக்குதல் என்று எதுவும் வராமல், எதையோ எதிர்பார்த்து அடிவயிறு இறுகியே இருப்பவர்களும் உண்டு. மருத்துவர்கள் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலால் இதை அளப்பார்கள். கடந்த இரண்டு வார நிலையை வைத்து மொத்தம் 21 புள்ளிகள். 5 முதல் 9 வரை லேசானது. இந்த நிலையில் சிறு மாற்றங்களே நிறைய உதவும். மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். மது அந்த நேரத்துக்குத் தளர்த்தி, மறுநாள் காலையில் படபடப்பைக் கூட்டும். மனதில் ஓடும் கவலைகளை ஒரு நோட்டில் குறித்து, ‘இதற்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் மணி நேரம்’ என்று தள்ளிவைத்துப் பாருங்கள். ஆறு மணிக்கு அவற்றில் பாதி சின்னதாகியிருக்கும். நடை அன்றாடம் வேண்டும்.

எப்போது மருத்துவரிடம்

முதல் முறை வருவது பீதிதான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நடக்கும்போது வந்து உட்கார்ந்தால் குறைகிற வலி, நெஞ்சை அழுத்தி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு வரும் நெஞ்சு இறுக்கம் என்றால் 108ஐ அழைத்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை இறங்கினாலும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் இதே படபடப்பு வரும். ஒருமுறை இவற்றைச் சோதித்து, இல்லை என்று தெரிந்த பிறகு மாதாமாதம் ஈசிஜி எடுக்க ஓட வேண்டாம். அந்த ஓட்டமும் செக்குமாட்டு வட்டத்தில் ஒரு சுற்றுதான்.

எண்ணங்களையும் தவிர்த்தலையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்கிறது. சிலருக்கு மருந்தும் தேவைப்படும். மனநல மருத்துவர் வழக்கமாக எழுதும் மருந்துகள் முழுப் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும்; ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. அல்பிரசோலம் போல உடனே அடக்கும் மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று வாங்கிப் போடவே வேண்டாம். ஏற்கெனவே நீண்ட நாளாகப் போடுபவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416ஐ அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி மனஸ்’ சேவை அது. கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எங்கே ஆரம்பிப்பது என்று தயங்க வேண்டாம். நெஞ்சு படபடக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொன்னாலே போதும், மீதியை அவர்கள் கேட்பார்கள்.