டவரில் ஒரு துண்டு

பெரிய என்ஜினியரிங் கம்பெனியில் வேலை கிடைத்ததென்று இனிப்போடு வருகிற பையனிடம், ‘அங்கே உனக்கு என்னப்பா வேலை?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஆறு மாதம் அவனுக்கே சொல்லத் தெரியாது.

நம் புதுச்சேரிப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சேதராப்பட்டில் எல் அண்ட் டி-க்கு மின்கோபுரத் தொழிற்சாலை உண்டு. வயல் நடுவே காலை அகட்டி நிற்கும் உயர் அழுத்த டவர்களின் இரும்புத் துண்டுகள் அங்கே தயாராகின்றன. டவர் என்பது பெரும்பாலும் ‘ஆங்கிள்’ எனும் எல் வடிவ இரும்புதான், ஆனால் துண்டுக்குத் துண்டு நீளமும் துளையும் மாறும். எது எங்கே என்று தெரிய, ஒவ்வொன்றிலும் ஒரு குறி எண்ணை அச்சால் அழுத்திப் பதிப்பார்கள். பெயின்டில் எழுதினால் நிற்காது. அடுத்து அந்தத் துண்டு அமிலத் தொட்டியில் முங்கி, சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இறங்கி ஏறப்போகிறது. கால்வனைஸ் ஆகிப் பளபளவென்று வெளியே வந்த பிறகும், விரலால் தடவினால் எண் தட்டுப்பட வேண்டும்.

துளை 2 மி.மீ. விலகினாலே போல்ட் இறங்காது. அதனால் புது டிசைன் என்றால் முதல் டவரை ஃபேக்டரியிலேயே பூட்டிப் பார்ப்பார்கள். இதற்கு ‘ப்ரோட்டோ’ என்று பெயர். பலம் பார்ப்பது வேறு கதை. அதற்கென்று காஞ்சிபுரத்தில் சோதனை நிலையம் இருக்கிறது. முழு டவரை நிறுத்தி, இரும்பு வடங்களால் இழுத்துப் பார்ப்பார்கள்.

டிசைன் போடுகிறவர் ஒருவர், டிராயிங் பிரிக்கிறவர் ஒருவர், வெட்டுவது, துளையிடுவது, குவாலிட்டி பார்ப்பது, லாரி ஏற்றுவது, சைட்டில் பூட்டுவது என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ‘இந்த டவரை நான் செய்தேன்’ என்று சொல்ல யாராலும் முடியாது. இதுவே இங்குள்ள மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பத்துப் பேர் கொண்ட ஷெட்டில் சேர்ந்தால் கொட்டேஷன் முதல் வெல்டிங், பணம் வசூல்வரை எல்லாமே உங்கள் தலையில் விழும். தொழிலை முழுசாகப் பார்க்க ஷெட்தான் நல்ல பள்ளிக்கூடம் என்பது என் கட்சி. ஆனால் 400 கிலோவோல்ட் லைன் வேலை அந்த ஷெட்டுக்கு வராது.

புதிதாகச் சேர்கிறவர் பெரும்பாலும் ‘ஜி.இ.டி.’, அதாவது பயிற்சி என்ஜினியர். முதலில் கற்க வேண்டியது டிராயிங்கை அல்ல, டிராயிங்கின் மூலையை. ஆர்-1, ஆர்-2 என்று அங்கே ரிவிஷன் எண் இருக்கும். பழைய ரிவிஷனை வைத்து வெட்டினால் அத்தனையும் ஸ்கிராப். அப்புறம் கையெழுத்து. செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கட்டம் இருக்கும். முதலில் எரிச்சலாக வரும். தப்பு நடந்த அன்றுதான் அந்தக் கட்டங்களின் அருமை தெரியும்.

வேலை நேரமா? 1936 ஜூலை 30-ல் இதே ஊரில் போராடிய மில் தொழிலாளர்களில் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். மறு வருஷம் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. ஓவர்டைம் கூலி தொழிலாளிக்கு உண்டு. மேற்பார்வை பார்க்கும் என்ஜினியருக்குப் பொதுவாக இல்லை. டிஸ்பாட்ச் நெருங்கினால் வீடு திரும்ப ராத்திரி ஆகும்.

இன்டர்வியூவில் சம்பளத்தோடு, போஸ்டிங் டிசைனா, ஃபேக்டரியா, சைட்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சைட் என்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். லைன் போகிற இடத்துக்கு வேலையும் போகும். சேதராப்பட்டில் பதித்த எண்ணை ராஜஸ்தான் வெயிலில் தடவிப் படிக்க நேரலாம்.