பாரதியார் இல்லமும் நினைவுக்கல்லும்

புலவர் உறைந்த மனையில் பதிக்கும் நினைவுக்கல் சில சொற்களே கொள்ளும். ஆகலின் அச்சில சொற்களும் வழுவின்றி அமைதல் வேண்டும். பாரதியார் இறுதியாக வாழ்ந்த இல்லத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

சென்னைத் திருவல்லிக்கேணியில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் அவ்வில்லம் உளது. அவர் அதில் குடிக்கூலிக்கு இருந்தவரே, உரிமையாளர் அல்லர். 1993-இல் தமிழக அரசு அதனை வாங்கிப் 'பாரதியார் இல்லம்' எனப் பெயரிட்டது. அப்பெயர் உறைவைச் சுட்டுமேயன்றி உரிமையைச் சுட்டாது.

பார்த்தசாரதி கோயில் யானை தாக்கியதால் அவர் இறந்தார் என்பது பலர் கூற்று. அத்தாக்குதலினின்று தேறிய அவர், ஈரோட்டுக் கருங்கல்பாளையத்திற் சென்று சொற்பொழிவும் ஆற்றினார். உயிரைக் கொண்டது வயிற்றுக்கடுப்பே.

நாள் பற்றிய சிக்கல் இதனினும் பெரிது. 1921 செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவு கடந்த பின்னரே அவர் மறைந்தார். மாநகராட்சிப் பதிவு 12 என்னும்; அரசு நினைவுநாள் போற்றுவதோ 11-இல். கதிரெழுச்சி தொடங்கி நாளெண்ணும் நம் மரபில் அவ்விரவு 11-ஐச் சார்ந்தது. நள்ளிரவில் நாள் மாறும் ஆங்கிலக் கணக்கில் அது 12. இரண்டும் தத்தம் நெறியிற் பொருந்துவனவே. எக்கணக்கு என்று சுட்டாது ஒன்றை மட்டும் பொறித்தலே வழு என்போம். 'செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்' எனப் பொறிப்பின், ஆய்வேடுகளில் இவ்விரு நாட்களும் காரணமின்றி மாறி மாறி வருதலும் (அதனை நாம் கண்டு சலித்துள்ளோம்) ஒருவாறு குறையும்.